‘எனக்குக் கணக்கு வராது’ என்பவர்கள் போடும் கணக்கு

விடிந்தும் விடியாத நேரம். அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது காரைக்கால்மேடு. ஃபைபர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு வருகின்றன. வலையிலிருந்து பிரித்த மீன் கூடைக்கு வந்ததும் ஏலம் ஆரம்பம். “ஆயிரத்து எண்ணூறு... ரெண்டாயிரம்... ரெண்டாயிரத்து இருநூறு...” என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். சுற்றி நிற்கும் பெண்களின் முகத்தில் ஒன்றும் தெரியாது. மனசுக்குள் மட்டும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கூடையில் எத்தனை கிலோ தேறும்? சங்கரா எவ்வளவு, அடியில் கிடக்கும் பொடி மீன் எவ்வளவு? இன்றைக்கு என்ன கிழமை, கிருத்திகை அமாவாசை ஏதாவது வருகிறதா? எந்தத் தெருவில் இறங்கினால் போகும்? எல்லாம் சில விநாடிகள்தான். “ரெண்டாயிரத்து நானூறு!” கூடை கைமாறிவிடும்.

இனிமேல்தான் உண்மையான கணக்கே. ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஏலம் 2,400 ரூபாய், ஐஸ் 60, ஆட்டோ 140. ஆக, அசல் 2,600. மீனை 20 கூறாகப் பிரித்தால் கூறுக்கு 130 ரூபாய் அடங்கும். காலையில் மீன் பளபளவென்று இருக்கும்போது ஒரு கூறு 200 ரூபாய்க்குப் போகிறது. அப்படி 12 கூறு விற்றால் 2,400 கைக்கு வந்துவிட்டது. மிச்சம் 8 கூறு. வெயில் ஏறிவிட்டது. “எண்பதுக்குக் கொடுங்கக்கா” என்கிறார் ஒருவர். 130 ரூபாய் அடக்கமுள்ள கூறை 80-க்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஏனென்றால் அசலுக்கு இன்னும் வரவேண்டியது 200 ரூபாய்தான். 8 கூறுக்கும் 25 ரூபாய் கிடைத்தாலே கை கடிக்காது. 80-க்குக் கொடுத்தால் 640 வரும், 440 ரூபாய் லாபம் நிற்கும். கொடுக்காமல் வைத்திருந்தால் மதியத்துக்கு மேல் அது கருவாட்டுக்குத்தான். இதைத் தாளில் எழுதினால் அரைப் பக்கம் வரும். தலையில் சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கும் பெண், “சரி, எடுத்துக்கம்மா, உனக்காகக் கொடுக்கிறேன்” என்று சொல்லும் இடைவெளியில் இதைப் போட்டு முடித்துவிடுகிறார். அந்த ‘உனக்காக’ என்ற சொல்லுக்குப் பின்னாலும் கணக்கு இருக்கிறது!

அதே பெண்ணிடம் சாயங்காலம் மகள் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினால் என்ன பதில் வரும்? தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் லட்சக்கணக்கான வீடுகளில் வரும் அதே பதில்தான். “எனக்குக் கணக்கெல்லாம் வராதும்மா. அண்ணன்கிட்ட கேளு.”

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாடத்தின் தலைப்பு பெரும்பாலும் ‘லாபம் – நட்டம்’ ஆகத்தான் இருக்கும்.

ஒரே சொல், இரண்டு பாடம்

தமிழில் ‘கணக்கு’ என்ற சொல் பெரிய மூட்டை. கடைக்காரர் நோட்டில் எழுதுவதும் கணக்கு. பரீட்சையில் வருவதும் கணக்கு. கணக்குப்பிள்ளை, மனக்கணக்கு, தப்புக்கணக்கு, ‘அவனுக்கும் எனக்கும் கணக்கு தீர்ந்தது’ எல்லாமே அதற்குள் அடக்கம். ஆனால் ‘கணக்கு வராது’ என்று ஒருவர் சொல்லும்போது இந்த மூட்டையில் ஒன்றே ஒன்றைத்தான் குறிக்கிறார். பள்ளிக்கூடத்தில், பலகைக்கு முன்னால் நிற்கவைத்து, எல்லோரும் பார்க்கக் கேட்ட அந்தக் கணக்கு.

கடலுக்குப் போகும் ஆண்கள் மட்டும் என்ன, கணக்கில்லாமலா போகிறார்கள்? தண்ணீரின் ஆழத்தைப் ‘பாகம்’ என்ற அளவில் சொல்கிறார்கள். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை ஒரு பாகம். கயிற்றின் நீளத்துக்கும் அதே அளவுதான். நிலா ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி உதிக்கிறது. கடலின் ஏற்றமும் வற்றமும் அதோடு சேர்ந்து தள்ளிப்போகின்றன. பழைய கணக்கில் நாளுக்கு இரண்டு நாழிகை என்றால் 48 நிமிடம். கடிகாரம் கட்டாத காலத்திலேயே விரலில் எண்ணிய கணக்கு இது.

கரைக்கு வந்தால் பங்குக் கணக்கு. ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் முறை மாறும். சும்மா ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். விற்றது 18,600 ரூபாய். டீசல், ஐஸ், சாப்பாடு 4,800 போக மிச்சம் 13,800. படகுக்கும் வலைக்கும் சேர்த்து இரண்டு பங்கு, நான்கு ஆட்களுக்கு ஆளுக்கு ஒன்று, மொத்தம் ஆறு பங்கு. பங்குக்கு 2,300. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இதுவே ‘எக்ஸ்’ போட்டு வந்தால் சமன்பாடு. கரையில் வந்தால் பேட்டா. இதில் ஐம்பது ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்காத ஆள் கிடையாது.

இப்போது படகில் ஜி.பி.எஸ். கருவியும் வந்துவிட்டது. காரைக்கால் சுமார் வடக்கு 10 டிகிரி 55 நிமிடத்தில் இருக்கிறது. டிகிரிக்கு 60 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 60, 60-ஆக எண்ணுவது நமக்குப் புதிதல்ல, ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று எண்ணிய ஊர்தானே இது! ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ‘10 டிகிரி 55 நிமிடம்’ வேறு, ‘10.55 டிகிரி’ வேறு. தசம முறையில் 10.55 என்றால் 10 டிகிரி 33 நிமிடம்தான். இரண்டுக்கும் நடுவே 22 கடல் மைல், ஏறத்தாழ 41 கிலோமீட்டர். காரைக்காலுக்கு வர வேண்டிய படகு வேளாங்கண்ணியையும் தாண்டித் தெற்கே போய் நிற்கும். பள்ளியில் ‘தசமப் புள்ளியை எங்கே வைத்தாய்?’ என்று கேட்டால் அரை மதிப்பெண் போகும். இங்கே டீசல் போகும்.

சில நேரம் அதைவிடப் பெரியதும் போகும். இந்தியா – இலங்கை கடல் எல்லை என்று சொல்கிறோமே, அது தண்ணீரில் கிழித்த கோடு அல்ல. 1974 உடன்பாட்டில் பாக் நீரிணைப் பகுதியின் எல்லையை ஆறு புள்ளிகளாகக் குறித்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. புள்ளிகளை வரிசையாகச் சேர்த்தால் எல்லை. 1976-இல் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா பக்கமும் இதேபோல் புள்ளிகள் வந்தன. சுத்தமான வடிவியல். 2025 ஜனவரி 28 அதிகாலையில், நெடுந்தீவுக்கு அருகே 13 மீனவர்கள் இருந்த காரைக்கால் படகின் மீது இலங்கைக் கடற்படை சுட்டதில் மீனவர்கள் காயமடைந்தார்கள். எல்லைப் பிரச்சினைக்குக் காரணம் மீனவருக்குக் கணக்குத் தெரியாதது அல்ல. மீன் எங்கே இருக்கிறது, பிழைப்பு எப்படி ஓடுகிறது, அரசுகள் என்ன பேசுகின்றன என்று அதன் வேர்கள் வேறு. ஆனால் அந்தக் கருவியின் திரையில் ஓடும் எண்களை வாசிக்கத் தெரிவது இந்த ஊரில் பரீட்சைக்கான விஷயம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

தேங்காய் விற்ற பையன்

தொழிலில் புலி, தாளில் எலி. இது காரைக்கால்மேட்டில் மட்டும் நடப்பதில்லை. 1980-களில் பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். தெரெசின்யா நூனெஸ், அனலூசியா ஷ்லீமன், டேவிட் கேரஹர் என்பது அவர்கள் பெயர். 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து சிறு வியாபாரிகளிடம் வாடிக்கையாளர்போல் போய்ப் பொருள் வாங்கினார்கள். தேங்காய் ஒன்று 35 என்றால் நான்கு தேங்காய் எவ்வளவு என்று 12 வயதுப் பையனிடம் கேட்டார்கள். மூன்று தேங்காய் 105 என்பது அவனுக்குத் தெரியும். அதோடு முப்பதைக் கூட்டி, மிச்ச ஐந்தையும் சேர்த்து, 140 என்று சரியாகச் சொன்னான். பிறகு உட்காரவைத்து, தாளில் 35-ஐ 4-ஆல் பெருக்கச் சொன்னார்கள். அவன் எழுதிய விடை 200.

முட்டாள்தனமா? இல்லை. நாலஞ்சு இருபது, சைபரை எழுதி மீதி இரண்டு. அந்த இரண்டை மூன்றோடு முதலில் கூட்டி ஐந்தாக்கி, பிறகு நான்கால் பெருக்கிவிட்டான். பள்ளியில் சொல்லிக்கொடுத்த வழியை அப்படியே பின்பற்றப் பார்த்து, வரிசையில் ஓர் அடி தவறிவிட்டது. நான்கு தேங்காய்க்கு 200 என்று யாராவது சந்தையில் சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான். தாளில் வந்ததும் ‘இது சரியாக இருக்குமா?’ என்று பார்க்கும் கண்ணே மூடிக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் தெருவில் போட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே வகைக் கணக்கு வெறும் எண்களாகத் தாளில் வந்தபோது 37 சதவீதம்தான் சரி. அதே ஆய்வாளர்கள் பின்னாளில் பிரேசிலின் மீனவர்களிடமும் போனார்கள். பள்ளிப் படிப்பு குறைவாக இருந்தும், மீன் விலையை வைத்து விகிதக் கணக்குகளை அவர்கள் நன்றாகவே போட்டார்கள்.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய அளவில் ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் உள்ள குழு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பார்த்தது. முடிவு 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. உருளைக்கிழங்கு 800 கிராம், வெங்காயம் ஒரு கிலோ 400 கிராம் என்று வேண்டுமென்றே வில்லங்கமான அளவில் வாங்கிப் பார்த்தார்கள். பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோரும் மனக்கணக்காகவே சரியாகச் சொன்னார்கள். அதைவிட எளிய வகுத்தலைத் தாளில் கொடுத்தால் தடுமாறினார்கள். இதுவரை நாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது அடுத்த பாதி. பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், சந்தைப் பழக்கம் இல்லாத 471 பிள்ளைகளிடமும் கேட்டார்கள். தாளில் எழுதும் எளிய கணக்கை அவர்கள் நன்றாகப் போட்டார்கள். ஆனால் சந்தைக் கணக்கு ஒன்றைக் கொடுத்தபோது சரியாகச் சொன்னவர்கள் ஒரே ஒரு சதவீதம்! வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போட்ட கணக்கு அது. ஆக, தெருவில் கற்ற பிள்ளையால் பள்ளிக்குள் நுழைய முடியவில்லை, பள்ளியில் கற்ற பிள்ளையால் தெருவுக்கு வரமுடியவில்லை. இதில் அம்மாவைவிட மகளுக்கோ, மகளைவிட அம்மாவுக்கோ கணக்கு ‘வரும்’ என்று சொல்ல முடியுமா?

வலிக்கும் இடம்

சரி, இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? கணக்கு நோட்டைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது என்று பிள்ளைகள் சொல்வது சாக்கு அல்ல. இயன் லயன்ஸ், சியான் பெய்லாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் கணக்கு பயம் அதிகமுள்ளவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். உடல் வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் அவர்களிடம் தூண்டப்பட்டன. எப்போது? கணக்குப் போடும்போது அல்ல, கணக்கு வரப்போகிறது என்று காத்திருக்கும்போது. போடத் தொடங்கிய பிறகு அந்த வலி இல்லை. ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலைமைதான்.

பயத்தோடு இருக்கும்போது, மனதில் எண்களைப் பிடித்துவைக்க வேண்டிய இடத்தைக் கவலை வந்து அடைத்துக்கொள்கிறது. ‘மீதி ரெண்டு’ என்று நினைவில் வைத்தது நழுவிவிடும். தெரிந்த கணக்கே தப்பாகும். தப்பானதும் ‘பார்த்தாயா, எனக்கு வராது’ என்று முடிவாகிவிடும்.

இது தொற்றவும் செய்கிறது. கணக்கு பயமுள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், அந்த ஆண்டு பிள்ளை கற்பது குறைந்து பயம் கூடுகிறது என்று 2015-இல் சிகாகோவில் கண்டார்கள். உதவியே செய்யாதீர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. உதவும்போது நம் முகத்தில் ஓடும் பதற்றத்தையும் பிள்ளை சேர்த்துப் படிக்கிறது. ஆசிரியர் விஷயத்திலும் அப்படியே. தனக்கே கணக்கு பயம் இருக்கும் ஆசிரியையிடம் ஒரு வருடம் படித்த சிறுமிகள் பலர், ‘கணக்கு பையன்களுக்கு, படிப்பது பெண்களுக்கு’ என்று நம்பத் தொடங்கினார்கள், அவர்களுடைய மதிப்பெண்ணும் குறைந்தது. பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது 2010-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு. ‘பொண்ணுக்கு எதுக்குக் கணக்கு குரூப்பு?’ என்று கேட்கும் நம்மூர்த் திண்ணைகளுக்கு இதைச் சொல்ல ஆய்வும் தேவையில்லை. ஏலத்தில் நின்று விலை பேசும் பெண்களின் ஊரில் இந்தக் கேள்வி வருவதுதான் ஆச்சரியம்.

மரியம் மிர்சாகானியைத் தெரியுமா? ஈரானில் பிறந்தவர். கணிதத்தின் மிக உயர்ந்த கௌரவமான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் பெற்ற முதல் பெண். நடுநிலைப் பள்ளியில் ஒரு வருடம் அவர் கணக்கில் மோசம். ‘உனக்குப் பெரிய திறமை இல்லை’ என்று ஆசிரியை நினைத்தார், அவருக்கும் ஆர்வம் போய்விட்டது. அடுத்த வருடம் தட்டிக்கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தார். மிச்சம் வரலாறு.

நம் நாட்டிலும் பெரியவர்கள் இதை எழுதாமல் இல்லை. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு, என்.சி.இ.ஆர்.டி.க்காக 2006-இல் கணிதக் கல்வி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அது சுட்டிக்காட்டிய பிரச்சினைகளில் முதலாவது பாடத்திட்டம் அல்ல, புத்தகம் அல்ல. பெரும்பான்மையான பிள்ளைகளுக்குக் கணக்கின் மேல் இருக்கும் பயமும் தோல்வி உணர்வும்தான்.

முந்திரியும் மேதையும்

‘அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது?’ என்று தாத்தாக்கள் கேட்பார்கள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைப் பாட்டாகப் பாடியே மனப்பாடம் செய்தார்கள். கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, ஒன்றை 320-ஆகப் பிரித்தால் வரும் முந்திரி வரைக்கும் பின்னங்களுக்குப் பெயர் இருந்தது. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் நேராகப் பயன்பட்ட கணக்கு. காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ நூலில், பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணக்கூட வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 100 முள் என்றால் 120 சுளை. அடுத்த பலாப்பழ சீசனில் முயன்று பாருங்கள், வீட்டுப் பிள்ளைகள் விடமாட்டார்கள். காரைக்காலுக்கு இதில் கூடுதலாக ஒரு கூத்து. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. பிரெஞ்சில் 97 என்று சொல்ல ‘நாலு இருபது பதினேழு’ என்று சொல்லவேண்டும்! எண்ணைச் சொல்வதற்கே ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்.

ஆனாலும் அந்தத் திண்ணையைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பிரம்பு இருந்தது. மீனவர் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது அபூர்வம். அப்போதும் மீன்கூடைக் கணக்கு வெளியேதான் நின்றது.

டெல்டாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. காரைக்காலிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய கும்பகோணத்தில்தான் சீனிவாச ராமானுஜன் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அவர் பிறந்த டிசம்பர் 22-ஐ தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம். பள்ளிகளில் அவர் படத்துக்கு மாலை போட்டு, ‘பிறவி மேதை’ என்று பேசுவார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் என்ன கேட்கும்? ‘கணக்கு என்பது பிறக்கும்போதே வருவது. எனக்கு வரவில்லை.’ அந்த மேதை கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்ததையும், இரவு பகலாக நோட்டு நோட்டாகப் போட்டுத் தள்ளியதையும், சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்ததையும் மாலையோடு சேர்த்துச் சொன்னால், கதை கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும்.

நூறு நாள் தண்டல்

மனக்கணக்கே போதும், பள்ளிக் கணக்கு எதற்கு என்ற முடிவுக்கும் போய்விடக்கூடாது. மனக்கணக்கு ஜெயிக்காத ஓர் இடம் இருக்கிறது. அது கடன்.

தண்டல் எல்லோருக்கும் தெரிந்தது. 10,000 ரூபாய்க் கடன். பிடித்தம் 1,000 போக, கையில் 9,000. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்டால், “ஆயிரம்தானே வட்டி, பத்துப் பர்சென்ட்” என்பார்கள். ஏலத்தில் ஐம்பது ரூபாயைக் கோட்டைவிடாத அதே மூளை இதை ஒப்புக்கொண்டுவிடும்.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்த 9,000 ரூபாய் நூறு நாளும் கையில் இருந்ததா? இல்லை. ஐம்பதாம் நாளிலேயே 5,000 திருப்பிக் கட்டியாகிவிட்டது. நூறு நாளுக்கும் சராசரி பார்த்தால், உண்மையில் கையில் நின்றது 5,000-க்கும் குறைவான பணம். அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால் 20 சதவீதத்துக்கு மேல். ஒரு வருடத்தில் இப்படி மூன்றரை தடவைக்கு மேல் நூறு நாள் வரும். ஆண்டு வட்டி 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டது! மீனவர்களுக்கும் 2018-19 முதல் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. அதில் ஆண்டுக்கு 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் சலுகை போக 4 சதவீதம். வங்கிக்கு அலையவேண்டும், தாள் கேட்பார்கள், தண்டல்காரரோ வாசலுக்கே வருவார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் 4-க்கும் 70-க்கும் உள்ள தூரம் தெரிந்து எடுக்கும் முடிவு வேறு, தெரியாமல் எடுக்கும் முடிவு வேறு.

இந்தத் தூரத்தைக் காட்டும் கணக்கு, சதவீதமும் சராசரியும்தான். மகளின் புத்தகத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு வரவு செலவு தெரியும், மகளுக்குச் சூத்திரம் தெரியும். இரண்டு பேரும் ஒரே நோட்டில் உட்கார்ந்து இந்தத் தண்டலைப் போட்டுப் பார்க்கும் மாலை நேரம்தான் வாய்ப்பதில்லை. ஒருவர், ‘எனக்கு வராது’ என்று எழுந்துவிடுகிறார். இன்னொருவர், ‘இது சிலபஸில் இல்லை’ என்று விட்டுவிடுகிறார்.

இதற்கு நடுவில் பாடத்திட்டமும் மாறிவிட்டது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் படிப்படியாக சி.பி.எஸ்.இ.க்கு வந்தன. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் கணிதத்துக்கு 2020 பொதுத்தேர்விலிருந்து இரண்டு தாள்கள். ஒன்று ‘ஸ்டாண்டர்ட்’, இன்னொன்று எளிதான ‘பேசிக்’. பாடம் ஒன்றுதான், கேள்விகளின் கடினம்தான் வேறு. பயப்படும் பிள்ளைக்கு ‘பேசிக்’ பெரிய ஆறுதல், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிளஸ் ஒன்னில் கணிதம் எடுக்க ‘ஸ்டாண்டர்ட்’ எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் முதலில் வந்த விதி. பிறகு அதில் தளர்வுகள் கொடுத்தார்கள். எந்தத் தாள் என்று டிக் அடிக்கும்போது பிள்ளைக்கு வயது பதினான்கோ பதினைந்தோ. ‘எனக்கு வராது’ என்ற மூன்றாம் வகுப்புப் பழைய பயம் அந்தக் கட்டத்தில்தான் பேனாவைப் பிடிக்கிறது. பொறியியல், கப்பல் படிப்பு, பல டிப்ளமோக்கள் எல்லாமே அந்தப் பேனாவின் மறுபக்கம் இருக்கின்றன.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருமானம் நின்றாலும் தண்டல் நிற்காது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதும், பிளஸ் ஒன்னுக்கு எந்த குரூப் என்று வீட்டில் பேச்சு நடப்பதும் இதே நாட்களில்தான். வலையைப் பழுது பார்த்தபடி அப்பா திண்ணையில் இருப்பார். கிழிந்த இடத்தில் எத்தனை கண்ணி விட்டு எங்கே சேர்த்தால் வலை சுருங்காமல் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே, “கணக்கு குரூப்பு வேணாம்மா, கஷ்டம்” என்பார். அம்மா கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டே அதற்குத் தலையாட்டுவார். விண்ணப்பப் படிவம் மகள் மடியில் இருக்கும்.